சிகுதானி என்பது ஒரு வினைச்சொல்

"சிகுதானி: டாங்கா நகரத்துப் பேரழகி. ஆடம்பரப் பிரியை. பாடகர் ஷோமாரியின் நெஞ்சை உடைத்துவிட்டு, 1974ஆம் ஆண்டு தேங்காய் வியாபாரி ஒருவருடன் லாரி ஏறி மொம்பாசாவுக்குச் சென்றார். நாட்டின் மறக்க முடியாத காதல் பாடலுக்குக் காரணமான இவர் பின்னாளில் அயல்நாட்டில் காலமானார்."

நகரப் பண்பாட்டு அலுவலகம் அச்சிட்ட பழம்பாடல் விழா மலரில், ஒரு வண்ணப்படத்துக்கு அடியில் இது இருக்கிறது. படத்தில் இருப்பவர் வேறு யாரோ.

மலர் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த காலையில், அயல்நாட்டில் காலமான அந்தப் பேரழகி பதிநான்காம் தெரு முனையில், பள்ளிவாசல் சுவரை ஒட்டிய தன் இடத்தில் உட்கார்ந்து அடுப்புக் கரியைத் தகர டப்பாவில் அளந்து கொட்டிக்கொண்டிருந்தார். ஆடம்பரத்தைப் பொறுத்தவரை, கரி விற்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு காங்காத் துணி, வெள்ளிக்கிழமைக்கு ஒரு காங்கா என்று தனித்தனியே வைத்திருந்தார். மொம்பாசா எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் அரை நாள். டாங்காவில் பிறந்து மொம்பாசாவைப் பார்க்காதவர்கள் கொஞ்சம் பேர்தான். சிகுதானி அவர்களில் ஒருவர். தேங்காய் வியாபாரிகளையோ அவருக்குக் கண்ணிலே காட்டக் கூடாது. சிரட்டைக் கரியைக் கலந்து விற்று மரக்கரியின் பேரைக் கெடுப்பவர்கள் என்பது அவர் கட்சி.

மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டும் அவருடைய மகன் ஜும்பே மலரைப் படித்துக் காட்டினான்.

"அம்மா, நீ செத்துட்டியாம்."

"எங்க?"

"வெளிநாட்டுல."

"சரி, அந்த மட்டுக்கும் ஊர் பாத்தேன்னு இருக்கட்டும். வேற என்ன போட்டிருக்கான்?"

"பேரழகியாம்."

"ஒண்ணாவது உண்மையா எழுதணும்னு நெனச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு டப்பாவை நிரப்பினார். டப்பாவின் மேல் கூம்பாகக் கரி நின்றது. அளவில் அவர் யாரையும் ஏய்த்ததில்லை. இதை மலரில் போட்டிருக்கலாம்.

இங்கே ஒரு சின்ன இலக்கணம் சொல்லியாக வேண்டும். வழக்கு முழுவதும் அதில்தான் நிற்கிறது. சிகுதானி என்பது எங்கள் சுவாஹிலியில் பெண்ணின் பெயர். ஆனால் அதற்கு முன்பே அது ஒரு வினைச்சொல். ஆள், மறுப்பு, காலம் மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். 'நான் நினைக்கவில்லை' என்று பொருள். பழந்தமிழ்ப் புலவனாக இருந்தால் 'நினைத்திலேன்' என்று முடித்திருப்பான். ஐந்தாறு பிள்ளை பெற்று, இனி நமக்கு இல்லை என்று தொட்டிலைத் தூக்கி அண்டை வீட்டுக்குக் கொடுத்த பிறகு ஒரு பெண் பிறந்தால், தாய்மார்கள் அதற்கு இந்தப் பெயரை வைப்பார்கள். இதில் குறையொன்றும் இல்லை. தாபு என்றால் தொல்லை, ஷிடா என்றால் கஷ்டம். இந்தப் பெயர்களோடும் எங்கள் ஊரில் பெண்கள் சிரித்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஆனால் தொல்லையையும் கஷ்டத்தையும் யாரும் பல்லவியில் வைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதைத்தான் வைத்தார்கள்.

எழுபதுகளில் பாட்டுக் குழுக்களெல்லாம் ஏதாவது ஓர் அரசுக் கழகத்தின் கீழ் இருந்தன. எங்கள் ஊரின் மிகோகோ ஜாஸ் குழுவைக் கற்றாழை நார் ஆலை வைத்திருந்தது. ஷோமாரி அரசாங்கக் காகிதத்தில் நார் தரம் பிரிப்பவர். உண்மையில் நாரின் எந்தப் பக்கம் நுனி என்பது அவருக்குத் தெரியாது. குரல் மட்டும் தேனில் ஊறியது. அதில் எதிரிக்கும் சந்தேகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் ஆலைத் தொழிலாளர் மன்றத்தில் ஆட்டம் நடக்கும். அந்த மன்றத்தின் வாசலில் சீட்டுக் கிழிக்கும் வேலை சிகுதானிக்கு. அப்போது அவருக்கு வயது இருபதைத் தொடவில்லை.

அந்த வேலையை அவர் கொஞ்சம் அதிகமாகவே மதித்தார். சீட்டில்லாமல் அவரைத் தாண்டி உள்ளே போனவர் கிடையாது. ஆலை மேலாளரின் மைத்துனர் ஒருமுறை வாசலிலேயே நின்று இரண்டு பாட்டு கேட்டுவிட்டுத் திரும்பினார். "நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டவர்களிடம், "தெரியாததாலதான் சீட்டு கேக்கறேன்" என்பார். இப்படிப்பட்டவர்களை ஊர் மதிக்கும். மன்னிக்காது.

ஒரு சனிக்கிழமை குழு கொரோக்வேயில் வாசித்துவிட்டு, ஞாயிறு ஆட்டத்துக்குத் திரும்பும் வழியில், செகேரா கூட்டுரோட்டில் அவர்களுடைய பச்சைப் பேருந்து நின்றுவிட்டது. நிழலில்லாத இடம். காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நார் ஏற்றி வந்த லாரி ஒன்று அவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தது. மன்ற வாசலில் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. சீட்டெல்லாம் கிழித்தாயிற்று, பாட்டைக் காணோம். சிகுதானி ஒற்றை ஆளாகக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் லாரி வந்தது. மேலே இருந்தவர்கள் பேருந்தைத் திட்டி ஒரு பாட்டு கட்டிப் பாடிக்கொண்டே வந்தார்கள்.

*நினைத்திலேன், நினைத்திலேன்,*
*வழியில் என்னை விடுவாய் என்று.*

சுவாஹிலியில் அது 'சிகுதானி, சிகுதானி' என்று தொடங்கியது. அதைக் கேட்டு வாசலில் முதலில் சிரித்தவர் சிகுதானிதான்.

அன்றைக்கே அதை மேடையில் பாடினார்கள். பேருந்துக்காக உருக முடியாதென்பதால், 'உன் மணம் என் சட்டையில் இருக்கிறது' என்று நடுவில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார் ஷோமாரி. டீசல் மணமாக இருந்திருக்க வேண்டும். இதற்குள் வேறொன்றும் நடந்திருந்தது. ஷோமாரியின் பேரைச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு பெண்ணைச் சீட்டில்லை என்று சிகுதானி வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். செய்தி மேடைக்குப் போயிற்று. பல்லவி மறுபடி வந்தபோது ஷோமாரி ஒலிவாங்கியை இடது கைக்கு மாற்றி, வலது கையை வாசலை நோக்கி நீட்டினார்.

"சிகுதானி! சிகுதானி!"

மன்றம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. வாசலில் கையில் சீட்டு டப்பாவோடு ஒரு பெண். அவள் பேரும் அதுவே. கூரைத் தகரம் அதிர்ந்தது என்பார்கள். பாட்டின் பொருள் அந்த நொடியிலேயே மாறிவிட்டது. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு மடங்கு கூட்டம். பாட்டுக்கு வந்தவர்களைவிட, கையை நீட்டும்போது வாசலைத் திரும்பிப் பார்க்க வந்தவர்கள் அதிகம். அதற்கும் அவர்தான் சீட்டுக் கிழித்தார். பின்பு தலைநகர வானொலியில் பாட்டு பதிவாயிற்று. அதை முதன்முதலாக ஒலிபரப்பிய அறிவிப்பாளர், "சிகுதானி என்ற இரக்கமற்ற பெண்ணைப் பற்றிய பாடல்" என்று முன்னுரை சொன்னார். ஒரு வினைச்சொல் அன்று முறைப்படி பெயர்ச்சொல்லாகியது. இசைத்தட்டும் வந்தது.

சிகுதானிக்கு அப்போது ரயில்வேயில் சிக்னல்காரரான அத்மானியோடு கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. அத்மானியின் அம்மா நேரில் வந்தார்.

"ஒம்மேல தப்பிருக்குன்னு நான் சொல்லலம்மா. ஆனா என் மகன் வேலைக்குப் போனா ஸ்டேஷன் பூரா விசிலடிக்குது."

"அத்தை, அது பஸ்ஸப் பத்தின பாட்டு."

"இருக்கலாம். பஸ்ஸு பேரு சிகுதானியா?"

பேச்சு முறிந்தது. சில வருடங்கள் கழித்து மகாமே என்ற மீனவரைக் கட்டினார். நல்ல மனிதர், மது உள்ளே போனால் மட்டும் அந்தப் பாட்டை முனகுவார், அதிலும் கடைசியில் அழுவார், மனைவி எதிரே உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டிருக்கும்போதே, அவள் தன்னை விட்டுப் போய்விட்டதாக. ஜும்பே பிறந்த மறு வருடம் மகாமே பெம்பாத் தீவுக்கு வலை வீசப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். "பாத்தியா, இவனையும் விட்டுட்டா" என்றது தெரு. போனவர் மகாமே, இருந்தவர் சிகுதானி. ஆனால் யார் யாரை விட்டது என்பதைப் பாட்டு முன்பே தீர்மானித்திருந்தது.

எங்கள் வழக்கத்தில், பிள்ளை பெற்றவளை அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லி இன்னார் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் மெல்ல மறைந்துவிடும். எல்லாப் பெண்களுக்கும் மறையும் பெயர் இவருக்கு மட்டும் மறையவில்லை. ஜும்பேயின் அம்மா என்று ஒருவர்கூடக் கூப்பிட்டதில்லை. ஜும்பேயைத்தான் சிகுதானி மகன் என்றார்கள். அவன் கல்யாணத்தில், வாடகைக்குப் பிடித்த குழு, மாப்பிள்ளையின் தாய் உள்ளே வரும்போது மரியாதைக்காக அந்தப் பாட்டை வாசித்தது.

ஞாயிறு மதியங்களில் வானொலியில் பழைய பாட்டு நிகழ்ச்சி வரும். அந்த வகைப் பாட்டுகளுக்கு எங்கள் மொழியில் 'சிலிபெந்த்வா' என்று பெயர். 'நேசிக்கப்பட்டவை.' யாரால் என்று சொல்ல வேண்டிய அவசியமில்லாத வசதியான வினை. யாருடைய செலவில் என்பதையும் அது சொல்லாது. பதிநான்காம் தெருவில் வீட்டுக்கு வீடு அது அலறும். சிகுதானி கரி மூட்டையைக் கட்டிவிட்டு அந்த நேரத்தில் கடற்கரைப் பக்கம் போய்விடுவார். அங்கே மீன்காரர்களிடமும் ரேடியோ இருந்தது.

இப்படியே போயிருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் யாரோ மிகோகோ ஜாஸின் பழைய பாட்டுகளைத் தேடி எடுத்து, தூசி தட்டி, புதிய இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அங்கே அதை வாங்க வரிசையில் நின்றார்களாம். அங்கே வரிசையில் நிற்பதாகக் கேள்விப்பட்டதும் இங்கே அது பாரம்பரியமாகிவிட்டது. நகரம் விழா எடுத்தது. பழைய மன்றத்துக்கு வெள்ளையடித்தது. பல்லவி அச்சிட்ட காங்காக்கள் கடைக்கு வந்தன. ஊர்ப் பெண்களின் இடுப்பிலெல்லாம் 'நினைத்திலேன்'.

மலரில் இறந்தவர் பதிநான்காம் தெருவில் கரி விற்கிறார் என்ற தகவல் பண்பாட்டு அலுவலர் செம்போஜாவுக்குப் போனது. இஸ்திரி போட்ட சட்டையும் நல்ல மனசும் உள்ள மனிதர். தவறுக்கு வருந்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் மகிழ்ச்சியில் மிதந்துகொண்டு வந்தார்.

"ஷிகமோ, பாட்டி."

"மரஹாபா." பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டிய வணக்கத்தைச் சிறியவர் சொன்னால் பதில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். "கரி வேணுமா?"

"பாட்டி, நீங்க உயிரோட இருக்கறது நாட்டுக்கே பெருமை."

"எனக்குத் தெரியாமப் போச்சே. இத்தன நாளா சும்மாவே இருந்துட்டேன்."

"ஞாயித்துக்கெழம நீங்க மேடைக்கு வரணும். ஷோமாரி ஐயா உங்கள எல்லார் முன்னாடியும் மன்னிக்கப் போறாரு!"

கரி டப்பா நின்றது.

"எதுக்கு மன்னிக்கறாரு?"

"நீங்க… அதாவது… போனதுக்கு."

"நான் எங்கயும் போகலியே தம்பி. இந்த முனையத் தாண்டினா முட்டி வலிக்குது."

செம்போஜா சிரித்தார். வயதானவர்கள் பழைய காதலை இப்படித்தான் மறைப்பார்கள் என்று அவருக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சிகுதானி கையைக் காங்காவில் துடைத்துக்கொண்டார்.

"வர்றேன். ஆனா அவன் ஒரே ஒரு வார்த்த சொல்லணும். அது வெறும் சொல்லு, என் பேரு இல்லன்னு. அத சொல்லிட்டான்னா அவன் என்னைய மன்னிக்கட்டும், தலையில தண்ணி ஊத்தட்டும், எனக்கென்ன."

"எதுக்கு பாட்டி இப்பப் போயி?"

"மாசாமாசம் பிரஷர் மாத்திரைக்கு ஆஸ்பத்திரி போறேன். நர்ஸம்மா 'சிகுதானி'ன்னு கூப்பிடுது. ஒடனே பெஞ்சுல இருக்கற அத்தன பேரும், நாளைக்கோ நாளன்னிக்கோன்னு இருக்கறவன்கூட, 'வழியில் என்னை விடுவாய்'னு பாடி முடிக்கறான். எம்பேரக் கூப்பிட்டா நான் எந்திரிச்சுப் போகணும். பெஞ்சு பாடக் கூடாது. சாகறதுக்குள்ள ஒரு வாட்டி. அவ்வளவுதான்."

இதைவிடச் சிறிய கோரிக்கையை நகர அலுவலகம் கண்டிருக்காது. கொடுக்க முடியாமல் போவதெல்லாம் இந்த அளவில்தான் வருகிறது.

சனிக்கிழமை ஒத்திகை. சிகுதானி வெள்ளிக்கிழமைக் காங்காவைக் கட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனார். மேடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஷோமாரி உட்கார்ந்திருந்தார். மையிட்ட மீசை, வெள்ளைத் தொப்பி, கைத்தடி. சிகுதானியைவிட ஐந்தாறு வயது மூத்தவர். முறைப்படி வணக்கம் சிகுதானிதான் சொல்ல வேண்டும். சொல்லாமல் எதிரில் நின்றார். எங்கள் ஊரில் இதற்கு அறைவதைவிட அதிக ஓசை. கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"ஷிகமோகூடச் சொல்ல மாட்டியா?" என்றார் ஷோமாரி.

"கையிலதான் வச்சிருக்கேன். நீ சொல்ல வேண்டியதச் சொல்லு, தந்துட்டுப் போறேன்."

"நீ மாறவே இல்ல. அன்னிக்கு லாரியில ஏறிப் போனியே, இன்னமும் கண்ணுக்குள்ள நிக்குது."

"லாரியில வந்தது நீ. நார் லாரி. முதுகு பூரா நாரு ஒட்டிக்கிட்டு செம்மறியாடு மாதிரி எறங்கின. நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன்."

எத்தனையோ பேட்டிகளில் சொல்லிச் சொல்லி, அந்த லாரியும் தேங்காயும் மொம்பாசாவும் ஷோமாரிக்கு உண்மையாகவே நடந்துவிட்டிருந்தன. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கசப்பானது. பொய்யனைப் பிடித்து உலுக்கலாம். நம்பிவிட்டவனை என்ன செய்வது?

பிறகு, எங்கிருந்தோ, அவர் வாய் கோணிச் சிரிப்பு வந்தது.

"பச்சை பஸ்ஸு" என்றார்.

"ம்."

"செகேராவுல… ரேடியேட்டருக்கு டிரம்காரன் தொப்பியில தண்ணி மொண்டுட்டு வந்தான். வந்து சேர்றதுக்குள்ள தொப்பிதான் இருந்திச்சு."

"ஆக, ஞாபகம் இருக்கு."

"இருக்கு."

"பாட்டு பஸ்ஸப் பத்தி."

"ஆமா, பஸ்ஸப் பத்தித்தான்." குரல் இறங்கிவிட்டது. "ஆனா பஸ்ஸுக்காக எவன் அழுவான் சிகுதானி? புருஷன் செத்தவ, பொண்டாட்டி போனவன், எல்லாரும் இதக் கேட்டுத்தான் அழுதிருக்காங்க. அவங்ககிட்டப் போயி அது ஓட்ட பஸ்ஸுன்னு சொல்லச் சொல்றியா?"

"அவங்க அழட்டும். அதுக்கு எம்பேரு எதுக்கு?"

"பேரு இல்லாம அழுக வராது."

"அப்ப உங்கம்மா பேரப் போட்டிருக்க வேண்டியதுதானே!"

கிட்டார்காரர் இருமுவதுபோல் குனிந்துகொண்டார். ஷோமாரி கைத்தடியால் மேடைப் பலகையைக் கொஞ்ச நேரம் தட்டினார்.

"சரி. சொல்றேன். மேடையிலயே சொல்றேன், சத்தியமா."

சிகுதானி சற்று நின்றார். பிறகு தலையைத் தாழ்த்தி, "ஷிகமோ" என்றார்.

"மரஹாபா."

வைத்திருந்ததைக் கொடுத்தாயிற்று. முன்கூட்டியே கொடுத்தது அவர் வாழ்க்கையில் அநேகமாக அந்த ஒன்றுதான். சீட்டு வாங்காமல் ஒருவரை உள்ளே விட்டதும் அந்த ஒரு தடவைதான்.

ஞாயிறு பிற்பகல் மன்றம் வழிந்தது. முன்வரிசையில் வட்டார ஆணையரின் மனைவி கைக்குட்டையை விரித்துத் தயாராக மடியில் வைத்திருந்தார். சிகுதானியை மேடையேற்றி, பல்லவி அச்சிட்ட காங்கா ஒரு ஜோடியை அவர் தோளில் போர்த்தினார்கள். ஷோமாரி எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தப் பாட்டப் பத்தி இதுவர சொல்லாத ஒரு உண்ம இருக்கு" என்றார். மன்றம் மூச்சை அடக்கியது. "அன்னிக்கு நாங்க செகேராவுல, ஒரு பஸ்ஸுல…"

"பஸ்ஸா? லாரியிலதானே போனா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொல்லென்று சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் அமைதி வந்தது. ஆனால் அது வேறு மாதிரியான அமைதி. ஏமாறப் போகிறோமோ என்று யோசிக்கிற கூட்டத்தின் அமைதி. ஷோமாரிக்கு அது தெரியும். வாழ்க்கை முழுவதும் அந்த அமைதியைத் தவிர்த்தே பிழைத்தவர் அவர். முன்வரிசைக் கைக்குட்டையைப் பார்த்தார். சிகுதானியையும் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"…ஒரு பஸ்ஸுல ஒக்காந்து அழுதேன்" என்றார். "இவ போயிட்டாளேன்னு. சிகுதானி, இன்னிக்கு எல்லார் சாட்சியா உன்ன மன்னிக்கறேன்."

கூரை மறுபடி அதிர்ந்தது. இந்த முறை நாங்களும் கேட்டோம். ஆணையரின் மனைவி கைக்குட்டையைப் பயன்படுத்தினார். சிகுதானி ஒலிவாங்கிக்குக் கையை நீட்டினார். செம்போஜா மிகுந்த மரியாதையோடு அதை எடுத்துப் பாடகரின் முன்னால் சரியாக நிறுத்தினார்.

"பாட்டு முடியட்டும், பாட்டி."

கிட்டார் தொடங்கிவிட்டது. சிகுதானி தோளிலிருந்த காங்காக்களை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார். படியிறங்கினார். கூட்டம் விலகி வழி கொடுத்தது. முட்டி வலியோடு, அவசரமில்லாமல், வாசலை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவருக்கு முன்பே உறைத்திருக்கும். மேடையில் இருக்க முடியாது, இறங்கினாலோ பாட்டு பலித்துவிடும். ஷோமாரி ஒலிவாங்கியை இடது கைக்கு மாற்றினார். வலது கையை வாசலை நோக்கி நீட்டினார். நடுக்கம் இல்லாத கை.

"சிகுதானி! சிகுதானி!"

மன்றமே எழுந்து நின்று பாடியது. போகிறவரின் முதுகை நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் படம் பிடித்தன. அருகே நின்ற ஒரு பெண் அழுதுகொண்டே, "மறுபடியும் விட்டுட்டுப் போறா பாரு, நெஞ்சு கல்லு" என்றாள். அவள் இடுப்பிலும் அதே காங்கா. ஷோமாரியும் அழுதார். அது நடிப்பில்லை.

அந்தப் படம் நாடெங்கும் போயிற்று. ஐரோப்பியர்கள் கூடுதலாக இசைத்தட்டு அச்சிட்டார்கள். ஜும்பே பண்பாட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டான். செம்போஜா நியாயமானவர், பிழை இருந்தால் திருத்துவோம் என்றார். சொன்னபடி மலரின் மறுபதிப்பில் திருத்தம் வந்தது. 'பின்னாளில் அயல்நாட்டில் காலமானார்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'உயிருடன் இருக்கிறார். மன்னிக்கப்பட்ட பின்பும், அதே மன்றத்திலிருந்து இரண்டாம் முறையாகப் பிரிந்து சென்றார்' என்று போட்டார்கள். படத்தையும் மாற்றினார்கள். இப்போது இருப்பது அவர் படம்தான். முதுகு.

அடுத்த மாதம் சிகுதானி மாத்திரைக்குப் போனார். நர்ஸ் பெயரைக் கூப்பிட்டார். பெஞ்சு பாடியது. பாடி முடித்துவிட்டு, முனையில் இருந்த ஒருவர் எழுந்து வழிவிட்டு, "மெதுவாப் போங்க, எங்களயும் விட்டுட்டுப் போயிராதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்லெண்ணத்தோடுதான். சிகுதானி எழுந்து உள்ளே போய் மாத்திரையை வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து கரி அளந்தார். ஷோமாரியை அதற்குப் பிறகு ஒருமுறை கடைத்தெருவில் பார்த்தார். வணக்கம் சொல்லவில்லை.

1974ஆம் ஆண்டில் சிகுதானி செய்தது இது: கற்றாழை நார் ஆலைத் தொழிலாளர் மன்றத்தின் வாசலில் நின்று சீட்டுக் கிழித்தார். ஒரு பாதியை வந்தவர் கையில் கொடுத்தார். மறு பாதியை டப்பாவில் போட்டார்.